ஆல்பைன் பாஸ்க் மலர் விதை: கேமரன் மலை ரிங்லெட்காரர்கள் வாங்கலாமா?

இணையக் கடைகளில் 'ஆல்பைன் பாஸ்க்' என்று விற்கும் விதை, பல்சட்டில்லா அல்பினா என்ற அறிவியல் பெயருள்ள மலர்ச்செடியுடையது. ஐரோப்பாவின் உயர்ந்த மலைப் புல்வெளிகளில் பனி உருகியதும் பூப்பது. பார்வைக்கு விதையில் குறையில்லை. பழுப்பு நிறம், நுனியில் இறகு போன்ற நீண்ட வால். நகத்தால் அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். தட்டையாக நசுங்கினால் பதர்.

பெரிய குறை, பொட்டலத்தில் அறுவடை ஆண்டு இல்லாதது. இந்த இனத்துக்கு அதுதான் உயிர்நாடி. புது விதை சில வாரங்களில் முளைத்துவிடும். மாதக்கணக்கில் கிடந்த விதை உறக்கத்துக்குப் போய்விடும். பிறகு குளிர் கொடுத்தால்தான் எழும். 'மூன்று வாரத்தில் முளைக்கும்' என்ற விற்பனை வாசகத்தை நம்பி மண்ணையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

செய்முறை இதுதான். கழுவிய கரட்டு ஆற்று மணல் ஒரு பங்கு, மக்கிய உரமண் ஒரு பங்கு. ஆணிவேர் ஆழமாக இறங்கும் செடி, ஆகவே தொட்டி 15 செ.மீ. ஆழமாவது இருக்கட்டும். விதைமேல் 3 மி.மீ. கனத்துக்குப் பொடிக்கல் போதும். தண்ணீரைத் தட்டில் ஊற்றி அடியிலிருந்து உறிஞ்சவிட்டு, தொட்டியை பிளாஸ்டிக் பையில் கட்டி, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் 4 டிகிரியில் 6 முதல் 8 வாரம் வையுங்கள். ஃபிரீசர் கூடாது. வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். வெள்ளை வேர் தெரிந்தால் உடனே வெளியே எடுத்து, வெளிச்சமான நிழலில் வைக்க வேண்டும். ஒன்றும் வராவிட்டால் மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். இரண்டாவது குளிர்ச் சுற்றில் எழும் விதையும் உண்டு.

நாற்று சாவது பெரும்பாலும் கழுத்தழுகலால். ஈரமும் புழுக்கமும் சேர்ந்தால் பூஞ்சை தண்டின் அடியைத் தின்றுவிடும். ரிங்லெட் மேட்டில் காற்றோட்டம் கொடுத்துச் சமாளிக்கலாம். பேராக்கின் தாழ்நிலமான சுங்கை சிப்புட், தாப்பா பக்கத்துத் தோட்டத்து வீடுகளில் இந்த விதைக்குக் காசு செலவழிக்காதீர்கள். இரவிலும் சூடு இறங்காது.

மாற்றி நடும்போது மண்கட்டியோடு எடுங்கள், ஆணிவேர் அறுந்தால் செடி தேறுவது கடினம். சாறு தோலை எரிக்கும், வயிற்றுக்குள் போனால் நஞ்சு. கையுறை போடுங்கள், குழந்தைகளுக்கும் ஆடுகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வாங்குமுன் மாக்கிஸ் (மலேசியத் தனிமைப்படுத்தல், ஆய்வுத் துறை) இறக்குமதி அனுமதியை எடுத்துக்கொள்ளுங்கள், விற்பனையாளரிடம் தாவர நலச் சான்றிதழைக் கேளுங்கள். வெறும் உறையில் வரும் விதை பறிமுதலாகலாம்.

கேமரன் மலையில்கூட உறைபனிக் குளிர்காலம் கிடையாது. இலை வரும், பூவுக்கு எங்களால் உறுதி சொல்ல முடியாது. முதல் முயற்சி என்றால் பல்சட்டில்லா வல்காரிஸ் வாங்குங்கள். அது தாழ்வான புல்வெளிகளிலும் வளரும் இனம், முளைப்பதும் எளிது. அதிலும் அறுவடை ஆண்டு அச்சிட்ட பொட்டலமாகப் பாருங்கள்.