வாட்ஸ்அப்பின் பிரைவசி செட்டிங்ஸ்: பல வருடப் பயன்பாட்டு அனுபவம்

2013 வாக்கிலிருந்து வாட்ஸ்அப் என் போனில் இருக்கிறது. செய்தி போகிறது, வருகிறது, அழைப்பு பேச முடிகிறது. அதையெல்லாம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நான் எழுதப்போவது அதன் பிரைவசி பக்கத்தைப் பற்றி மட்டும்தான். அடுத்தவரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதில் எங்கள் குடும்பம் இந்தப் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் நிறையவே மாறியிருக்கிறது. அந்த மாற்றத்துக்கு இந்தச் செயலி எவ்வளவு இடம் கொடுத்தது என்று பார்ப்பதுதான் என் நோக்கம்.

ஆரம்பத்தில் லாஸ்ட் சீன், அதாவது ஒருவர் கடைசியாக வாட்ஸ்அப்பில் இருந்த நேரம், தெரிவதை எங்கள் வீட்டில் யாரும் தப்பாக நினைக்கவில்லை. ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளை நேரத்துக்குத் தூங்கியதா என்று பார்த்துவிட்டு அம்மாக்கள் நிம்மதியாகப் படுத்தார்கள். அந்தப் பிள்ளைக்கே கல்யாணமான பிறகு, "ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஆன்லைன்ல இருந்திருக்கே, யார்கூட பேசிட்டிருந்தே?" என்று கேள்வி வந்தது. போனில் தெரிந்த நேரம் அதேதான். அக்கறையாக இருந்தது வேவு பார்ப்பதாக ஆகிவிட்டது. லாஸ்ட் சீனை மறைக்கும் வசதி பிறகு வந்தது. ஆன்லைனில் இருப்பதையே மறைக்க 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அனுப்பிய செய்தியை அடுத்தவர் படித்துவிட்டார் என்று காட்டும் ப்ளூ டிக் வந்தது 2014 நவம்பரில். எதிர்ப்பு பலமாக இருந்ததால் அதை அணைக்கும் வழியைச் சில நாட்களிலேயே கொண்டுவந்தார்கள். அதோடு வைத்த நிபந்தனையை நான் இன்றைக்கும் மெச்சுகிறேன்: நீங்கள் படித்ததைக் காட்ட மாட்டேன் என்றால், மற்றவர் படித்தது உங்களுக்கும் தெரியாது. என் அக்காவுக்கும் அவள் மகளுக்கும் இதில் பெரிய மனத்தாங்கல். "பார்த்துட்டும் பதில் போடாம இருக்கியே" என்பாள் அக்கா. "பார்த்தா உடனே பதில் போடணுமாம்மா? யோசிக்க வேண்டாமா?" என்பாள் மகள். இதில் யார் பக்கம் நியாயம் என்று செயலி தீர்ப்புச் சொல்லவில்லை. மகள் அணைத்தாள், அம்மா படித்தாளா என்று பார்க்கும் உரிமையையும் சேர்த்தே விட்டுக்கொடுத்தாள். பதிலுக்கு எதையும் இழக்காமல் ஒளிந்துகொள்ள முடிந்திருந்தால் அக்காவுக்கு அது அவமரியாதையாகத்தான் பட்டிருக்கும்.

ஆனால் குரூப்பில் இந்த விதி செல்லாது. தனிப்பட்ட ப்ளூ டிக்கை அணைத்தாலும், குரூப்பில் ஒருவர் போட்ட செய்தியை அவர் அழுத்திப் பிடித்து இன்ஃபோ பார்த்தால், யார் யார் படித்தார்கள் என்ற பட்டியல் வந்துவிடும். எங்கள் மாமா ஒருவர் கல்யாணப் பத்திரிகையைப் போட்டுவிட்டு, பட்டியலைப் பார்த்து, "இத்தனை பேர் பார்த்திருக்கீங்க, ஒருத்தர்கூட வாழ்த்து சொல்லலையே" என்று எழுதினார். குடும்பங்கள் பேசிக்கொள்வதே குரூப்பில்தான் என்று ஆகிவிட்ட இந்தக் காலத்தில் இந்த விதிவிலக்கு பொருந்தவில்லை.

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. ஒரு காலத்தில் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாவற்றையும் டைரக்டரியில் அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுத்த நாடு இது! அந்த மனநிலையிலிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். கேட்காமலே குரூப்பில் சேர்ப்பதும் முன்பு சாதாரணமாக இருந்தது. வீட்டுமனை விற்கும் ஒருவர் ஒருநாள் என்னை முன்பின் தெரியாதவர்கள் கூட்டத்தில் சேர்த்துவிட்டார். அத்தனை பேருக்கும் என் நம்பர் தெரிந்தது. அன்று இரவே யாரோ ஒருவரிடமிருந்து "ஹாய்" வந்தது. பெண்களுக்கு இது எவ்வளவு தொல்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. யார் நம்மைச் சேர்க்கலாம் என்று தீர்மானிக்கும் வசதி 2019 ஏப்ரலில் வந்தது. சத்தமில்லாமல் குரூப்பை விட்டு விலக, அதாவது அட்மினுக்கு மட்டும் தகவல் போகும்படி விலக, 2022 ஆகஸ்டில் வழி செய்தார்கள். என் சித்தி அந்த வாரமே பல குரூப்களிலிருந்து வெளியே வந்தார்.

வைத்த கெடு முடிந்ததும் தானாகவே அழிந்துவிடும் மறையும் செய்திகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2020 நவம்பரில் ஏழு நாள் என்று தொடங்கி, அடுத்த வருடம் 24 மணி நேரம், 90 நாள் என்ற கெடுக்களும் சேர்ந்தன. அக்கா மகள் எல்லோருடனும் டைமர் வைத்திருக்கிறாள். பேசியதெல்லாம் ஏன் காலத்துக்கும் கிடக்க வேண்டும் என்பது அவள் கட்சி. என் அம்மாவோ வத்தக்குழம்புக்குப் புளி எவ்வளவு, எப்போது இறக்குவது என்பதைக்கூட வாய்ஸ் நோட்டாகத்தான் அனுப்புவார். அதை இழக்க அக்கா மகளுக்கே மனமில்லை. 2023இல் இதற்கு ஒரு வழி வந்தது. செய்தி யாருக்கு வந்ததோ அவர் ஒரு செய்தியை மட்டும் அழியாமல் வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்ததும் அனுப்பியவருக்குத் தகவல் போகும். வேண்டாம் என்றால் அவர் தடுத்துவிடலாம். பேசியவருக்கே கடைசி வார்த்தை. இன்னொரு போனால் படம் பிடிப்பவரை இது தடுக்காதுதான். இருந்தாலும், மறக்க நினைப்பவரும் வைத்துக்கொள்ள நினைப்பவரும் ஒரே உரையாடலில் இருக்கும்போது இதைவிடக் கண்ணியமான ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை.

எல்லாவற்றையும் இப்படி அவரவர் விருப்பத்துக்கு விட முடியாது என்பதற்கு ஃபார்வேர்டு உதாரணம். 2018இல் குழந்தை கடத்தல் வதந்தி பரவி நாட்டின் பல இடங்களில் அப்பாவிகளை அடித்துக் கொன்றார்கள். நம் திருவண்ணாமலை மாவட்டத்திலும் மே மாதம் ஒரு மூதாட்டி அப்படித்தான் கொல்லப்பட்டார். ஜூலையில் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குரூப்புக்கு மேல் ஃபார்வேர்டு செய்ய முடியாது என்று வரம்பு வந்தது. 2019 ஜனவரியில் உலகம் முழுக்க. உலக அளவில் ஃபார்வேர்டுகள் 25 சதவீதம் குறைந்ததாக நிறுவனம் சொன்னது. 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு சாட்டுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று இறுக்கினார்கள். இதற்கு ஆன், ஆஃப் கிடையாது. இருக்கவும் கூடாது. என் போனிலிருந்து போகும் வதந்தியால் சாகப்போகிறவர் எந்த குரூப்பிலும் இல்லை. அவரிடம் யாரும் சம்மதம் கேட்கப் போவதில்லை.

குரூப் ப்ளூ டிக்கை விட்டால் எனக்கு மிச்சமிருக்கும் குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. வசதிகள் வந்துகொண்டே இருந்தாலும், குரூப்பில் யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்பதுதான் நாம் கைவைக்காதவரை இருக்கும் நிலை. செட்டிங்ஸ் பக்கமே போகாத என் பெரியப்பா 2013இன் விதிகளோடுதான் இருந்தார். பிரைவசி செக்கப் என்று படிப்படியாகக் கேட்டு மாற்றித்தரும் ஒரு பகுதி உள்ளேயே இருக்கிறது. அவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்தபோது, "இதெல்லாம் நாமளே தீர்மானிக்கலாமா?" என்று கேட்டார். ப்ளூ டிக்கை மட்டும் அணைக்க வேண்டாம் என்றார். பேத்தி படித்துவிட்டாள் என்று தெரிந்தால் போதுமாம் அவருக்கு. அந்த செக்கப் தேடிப் போகிறவர்களுக்காகக் காத்திருக்காமல், வருடத்துக்கு ஒருமுறை தானாகவே வந்து, தமிழில், பெரிய எழுத்தில் இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும்.