இரண்டாம் முறை சொல்லப்பட்ட கதை: ‘ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்: பிரதர்ஹூட்’

இந்த யப்பானிய அசைபடத் தொடரின் நான்காம் பகுதி முடிந்த இரவில் எங்கள் வீட்டு விறாந்தையில் இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. இதே கதையின் பழைய தொடரை 2014 இல் என்னோடு இருந்து பார்த்த மச்சாள், “இவ்வளவு கெதியா முடிச்சுப் போட்டாங்களே, நீனாவோட பழகவே விடேல்லையே” என்று கோபமாகவே சொன்னாள். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் நிற்கும் என் தம்பியும் அவனுடைய இரண்டு கூட்டாளிகளும் அந்தக் கதையை முதன்முறையாக அன்றுதான் பார்த்தார்கள். ஒருவன் முகத்தைச் சேட்டுக் கையால் துடைத்துக்கொண்டிருந்தான். தம்பி திரும்பி, “இதுக்கு மேல என்னத்தைக் காட்டுறது மச்சாள்?” என்று கேட்டான். தருமபுரத்தில் எங்கள் வீட்டில் இந்தத் தொடரின் 64 பகுதிகளையும் பார்த்து முடிக்க ஏறக்குறைய ஒரு மாதம் சென்றது. அந்த மாதம் முழுவதும் இந்த வாக்குவாதம் ஓயவில்லை.

கதையின் பின்னணியை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹிரோமு அரகாவா எழுதி வரைந்த சித்திரக்கதை 2001 இல் தொடங்கி 2010 இல் 27 தொகுதிகளாக நிறைவுற்றது. அது பாதிகூட முடியாதிருந்த காலத்தில், போன்ஸ் என்ற ஸ்டூடியோ 2003 ஒக்டோபர் முதல் 2004 ஒக்டோபர் வரை அதை 51 பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடராக எடுத்தது. மூலக்கதை கைவசம் இல்லாதபடியால் பிற்பாதியை அவர்களே புனைந்து வேறொரு முடிவுக்குக் கொண்டுபோனார்கள். பின்னர் அதே ஸ்டூடியோ, யசுஹிரோ இரியேயின் இயக்கத்தில், முதலிலிருந்து கடைசிவரை அரகாவாவின் கதையையே பின்பற்றி மீண்டும் எடுத்ததுதான் ‘பிரதர்ஹூட்’. அதன் முதற் பகுதி யப்பானில் 2009 ஏப்ரல் 5 ஆம் திகதி ஒளிபரப்பானது. அந்தத் திகதியில் நாங்கள் இறுதிப் போருக்குள், மாத்தளனில் தறப்பாளுக்குக் கீழே பங்கர் வெட்டிக்கொண்டு இருந்தோம். அந்தத் திகதியைப் படித்த பிறகுதான் இந்தத் தொடரை இங்கிருப்பவர்களோடு சேர்ந்து முழுமையாகப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இறந்துபோன தாயை ரசவாதத்தின் மூலம் உயிர்ப்பிக்க முயன்று, தம்பி அல்போன்ஸ் தன் உடல் முழுவதையும், அண்ணன் எட்வர்ட் தன் இடது காலையும் பின்னர் தம்பியின் உயிரை ஓர் இரும்புக் கவசத்தில் நிறுத்துவதற்காக வலது கையையும் இழக்கிறார்கள். ஒன்றைப் பெற வேண்டுமானால் அதற்கு ஈடான ஒன்றைக் கொடுத்தாக வேண்டும் என்பது அந்த உலகத்து ரசவாதத்தின் விதி. அந்தச் சகோதரர்கள் இழந்த உடலைத் திரும்பப் பெறுவதற்காக அலைவதுதான் கதை.

மச்சாளின் குறை நியாயமானது. பழைய தொடரில், இராணுவ ரசவாதிகளுக்கான பரீட்சைக்குப் படிப்பதற்காகச் சகோதரர்கள் டக்கர் என்ற ரசவாதியின் வீட்டில் நாட்கணக்கில் தங்கியிருக்கிறார்கள். அவருடைய மகள் நீனா தன் பெரிய வெள்ளை நாயோடு அவர்களைச் சுற்றிச் சுற்றி வருவாள். ஆறாம், ஏழாம் பகுதிகளைப் பார்த்து முடிக்கையில் அவள் நம்முடைய வீட்டுப் பிள்ளையாகவே மாறிவிடுவாள். அதற்குப் பிறகு அவளுக்கு நேர்வதைத் தாங்க முடியாது. ‘பிரதர்ஹூட்’ இதை நான்காம் பகுதிக்குள் அடக்கிவிடுகிறது. ரயிலைக் கொள்ளையர் மடக்கும் கதை இதில் இல்லை. யூஸ்வெல் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரின் கதை, பின்னால் ஒருவனுடைய நினைவாகச் சில கணங்கள் மட்டும் ஓடி மறைகிறது. பழையதை எல்லோரும் பார்த்திருப்பார்கள், அதையே திரும்பவும் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை என்று படைத்தவர்கள் எண்ணியிருக்க வேண்டும். ஆனால், தெரிந்த கதை என்பதற்காகச் சுருக்கலாம் என்ற எண்ணத்தோடு என்னால் உடன்பட முடியவில்லை. எங்கள் ஊர்களில் காத்தவராயன் கூத்தைப் பார்க்க வருகிற எவருக்கும் காத்தான் கடைசியில் கழுமரம் ஏறுவான் என்பது தெரியும். தெரிந்திருந்தும், பாலகாத்தானாக வருகிற சின்னப் பிள்ளையின் ஆட்டத்தைக் குறைத்துவிட்டால் அம்மம்மா விடியுமட்டும் புறுபுறுத்துக்கொண்டிருப்பார். குழந்தையாக ஆடியவனைக் கண்ணாரக் கண்டவர்களுக்கே கழுமரத்தடியில் அழுகை வரும் என்பது அவருடைய கணக்கு, அது சரியான கணக்கு.

இதே குறை மேஸ் ஹியூஸ் விடயத்திலும் உண்டு. மனைவியின் படத்தையும் மகளின் படத்தையும் கண்டவர்களுக்கெல்லாம் காட்டித் திரிகிற அந்த அதிகாரி, பழைய தொடரில் 25 ஆம் பகுதிவரை நம்மோடு வருகிறார். புதியதில் பத்தாம் பகுதியிலேயே போய்விடுகிறார். அப்படியிருந்தும் அடக்கம் நடைபெறும் காட்சியில், அப்பாவை ஏன் மண்ணுக்குள் புதைக்கிறீர்கள், அவருக்குச் செய்ய நிறைய வேலை இருக்கிறதே என்று சின்ன மகள் கேட்கும்போது எங்கள் விறாந்தையில் ஒருவரும் மூச்சு விடவில்லை. தம்பியின் கூட்டாளிகளுக்கு ஹியூஸோடு பழகிய காலம் குறைவுதான், ஆனால் அந்தக் கேள்வி விளங்குவதற்கு அவர்களுக்குப் பழக்கம் தேவைப்படவில்லை.

ஓவியமும் அசைவும் புதிய தொடரில் மிகத் தெளிவானவை. சண்டைக் காட்சிகளில் அது பழையதை எங்கோ பின்னால் விட்டுவிடுகிறது. அகிரா செஞ்சுவின் இசை கம்பீரமானது, எனினும் பழைய தொடருக்கு மிச்சிரு ஒஷிமா அமைத்த இசையின் சோகம் எனக்கு இன்னும் நெருக்கம். சகோதரர்களுக்கு இரண்டு தொடர்களிலும் ரோமி பாக், ரியே குகிமியா ஆகிய இரண்டு பெண்களே குரல் கொடுத்திருப்பது பெரிய ஆறுதல். துயரமான காட்சிக்கு நடுவில் முகங்கள் திடீரெனக் கோமாளிச் சித்திரங்களாக மாறுகிற பழக்கம் மட்டும், குறிப்பாக முதற் பதினைந்து பகுதிகளில், பல இடங்களில் உறுத்துகிறது. நாங்கள் யப்பானியக் குரலோடும் ஆங்கில சப்டைட்டிலோடும் பார்த்தோம்; வேகமாகப் பேசுகிற இடங்களில் நிறுத்தி நிறுத்தி நான் தமிழில் சொன்னேன்.

பக்கத்து வளவு மாமா இரண்டாம் நாள் தேத்தண்ணி குடிக்க வந்தவர், பிறகு ஒரு நாளும் தவறவில்லை. அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ரசவாதத்திலோ சண்டையிலோ அவருக்கு நாட்டமில்லை. எட்வர்டுக்கு இரும்புக் கையும் காலும் செய்து கொடுக்கிற வின்ரி என்ற பெண்ணின் பட்டறையைத்தான் அவர் கண் வெட்டாமல் பார்த்தார். பொருத்திப் பழக மூன்று வருடமாகும் என்று சொல்லப்படுவதை ஒரே வருடத்தில் முடிப்பதாக எட்வர்ட் அடம்பிடிக்கிற இடத்தில், “வளருற பெடியன், வருசா வருசம் மாத்த வேணுமெல்லே” என்றார். உண்மையாகவே கதை அதை மறக்கவில்லை. பையன் வளர வளர வின்ரி அளவு திருத்துகிறாள், அவன் பழுதாக்கிக்கொண்டு வரும்போதெல்லாம் ஏசிக்கொண்டே திருத்தியும் கொடுக்கிறாள். பின்னால் பிரிக்ஸ் என்ற வடக்குப் பனிமலைக்குப் போகும்போது, இந்த இரும்போடு நின்றால் சேருமிடத்துச் சதை குளிரில் விறைத்துச் செத்துவிடும் என்று அங்கிருக்கும் வைத்தியர் எச்சரிக்கிறார். வின்ரி வேறு உலோகத்தில் பாரம் குறைந்த கையையும் காலையும் செய்து கொண்டுபோகிறாள். மாமா அந்த இடத்தில் படத்தை நிறுத்தச் சொன்னார். காற்சட்டையை மடித்து, பொய்க்காலைக் கழற்றி, உள்ளே போடுகிற உறையை உருவிக் காட்டினார். அது வியர்வையில் ஊறியிருந்தது. முழங்காலுக்குக் கீழே தோல் சிவந்து ஒரு விளிம்பில் உரிந்திருந்தது. “அவைக்குக் குளிர், எங்களுக்கு வெயில். எழுதின ஆள் இதை விசாரிச்சுத்தான் எழுதியிருக்குது பிள்ளை” என்றார். இந்தத் தொடருக்கு நான் கேட்ட பாராட்டுகளில் இதைவிடப் பெரியது இல்லை.

இனி, வன்னியில் இருக்கும் எவரும் இந்தத் தொடரில் கடந்துபோக முடியாத விடயத்துக்கு வருகிறேன். அமெஸ்ட்ரிஸ் என்ற நாட்டின் கிழக்கே, வேறு கடவுளை வணங்குகிற, சிவந்த கண்களையுடைய இஷ்வால் மக்கள் வாழ்ந்தார்கள். ஒரு சிப்பாயின் துப்பாக்கி ஒரு பிள்ளையைச் சுட்டதில் தொடங்கிய கலகம் ஏழு வருடங்கள் நீண்டு, இறுதியில் 3066 என்ற இலக்கமிட்ட ஒரு கட்டளையோடு முழு மக்களையும் அழிக்கிற போராக மாறுகிறது. பழைய தொடரில் இது பின்னணியாகத் துண்டு துண்டாக வருகிறது. ‘பிரதர்ஹூட்’ தன் 30 ஆம் பகுதியை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறது. அதில் இஷ்வால் மக்களின் மதத்தலைவர் தன்னையே கொடுத்து, மிஞ்சியிருப்போரை விட்டுவிடுமாறு கேட்கிறார். ஒருவனுடைய உயிருக்கு ஈடு இன்னொருவனுடைய உயிர் மட்டுமே, ஆயிரக்கணக்கானோருக்கு நீ எப்படி ஈடாவாய் என்ற பொருள்பட நாட்டின் தலைவன் மறுத்துவிடுகிறான். ரசவாதத்தின் ஈட்டு விதி அதுவரை பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்ட பாடம் போல இருந்தது. அந்த ஒரு வசனத்தில் அது கொலைகாரனின் கணக்காக மாறுவதை நாங்கள் கண்டோம். அதே பகுதியில், குறிபார்த்துச் சுடுவதில் பெயர்பெற்ற ஹோக்கை என்ற பெண், போர் முடிந்த வெளியில் தனியே இருந்து ஒரு சிறிய குழியை மூடுகிறாள். தோழன் ஒருவனுக்கா என்று கேட்கப்படும்போது, இல்லை, இஷ்வால் பிள்ளை ஒன்று, வீதியோரத்தில் சுடப்பட்டுக் கிடந்தது என்கிறாள். அன்றைக்கு அடுத்த பகுதியைப் போடச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டு தொடர்களுக்கும் இடையிலுள்ள மிகப் பெரிய வேறுபாடும் இங்கேதான் இருக்கிறது. வின்ரியின் தாயும் தகப்பனும் வைத்தியர்கள். வெளியேறும்படி இராணுவம் சொல்லியும் கேளாமல் இஷ்வாலிலேயே நின்று காயக்காரருக்கு மருந்து கட்டியவர்கள். பழைய தொடரில், மேலிடத்துக் கட்டளைப்படி அவர்களைச் சுடுகிறவன் மஸ்டாங் என்ற இளம் அதிகாரி. மூலக்கதையைப் பின்பற்றும் புதிய தொடரிலோ, அவர்களால் காப்பாற்றப்பட்ட இஷ்வால்காரன் ஒருவன், மயக்கம் தெளிந்து கண் விழித்ததும், எதிரியின் இனத்து முகங்களைக் கண்ட ஆவேசத்தில் அவர்களைக் கொன்றுவிடுகிறான். முகத்தில் தழும்போடு பழிவாங்கித் திரியும் ஸ்கார் அவன்தான். மச்சாளுக்கு இந்த மாற்றம் பிடிக்கவே இல்லை. குற்றத்தை இராணுவத்தின் தலையிலிருந்து இறக்கி, பறிகொடுத்தவன் தலையில் வைத்துவிட்டார்கள் என்று அவள் வாதிட்டாள். கடைசிவரை பங்கருக்குள் இருந்து காயம் கட்டியவர்களை எங்களில் பலருக்கு நேரில் தெரியும் என்பதால், அவளுடைய கோபம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும்.

ஆயினும் நான் இதில் அவளோடு சேரவில்லை. கட்டளையிட்டவர்களின் குற்றத்தை இந்தத் தொடர் ஓரிடத்திலும் குறைக்கவில்லை. மஸ்டாங், ஹோக்கை, இராணுவ ரசவாதியாக இருந்த மார்கோ ஆகிய எல்லோரும் தாங்கள் செய்த கொலைகளைத் தங்கள் வாயாலேயே ஒப்புக்கொள்கிறார்கள். அதற்கு மேலாக, ஸ்காரும் வின்ரியும் ஒருவருக்கொருவர் முகம் பார்க்க வேண்டிய நிலையை இந்த மாற்றமே உருவாக்குகிறது. 22 ஆம் பகுதியில் அவள் கையில் துப்பாக்கி இருக்கிறது. சுட முடியாமல் நடுங்குகிறாள். வெகு பின்னர் வடக்கே அவனுடைய கையிலிருந்து இரத்தம் ஒழுகுவதைக் கண்டு, தன் துணியைக் கிழித்து அவளே கட்டிவிடுகிறாள். என்னை மன்னிக்கிறாயா என்று அவன் கேட்கும்போது, மன்னிக்கவில்லை என்று தெளிவாகச் சொல்கிறாள். அப்பாவும் அம்மாவும் இருந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பார்கள் என்பதற்காகக் கட்டுகிறாள். பழைய கதையில் இந்தக் காட்சிக்கு இடமே இல்லை. மறுமுறை சொல்லியதன் பயன் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

என் சொந்தக் குறையும் ஒன்று இருக்கிறது. சித்திரக்கதையில் இஷ்வால் போர் ஏறக்குறைய ஒரு முழுத் தொகுதிக்கு நீள்கிறது. அதைக் கிட்டத்தட்ட ஒரே பகுதிக்குள் நெருக்கியதால் எவ்வளவோ விடுபட்டுப் போனது. அழித்தவர்கள் எல்லோருக்கும் பெயரும் பதவியும் இருக்கின்றன, நின்று பேச நேரமும் இருக்கிறது. அழிந்தவர்களில் பெயரோடு நினைவில் நிற்பவர்கள் மிகச் சிலர். ஸ்காருக்கே அவனுடைய இயற்பெயரைக் கதை கடைசிவரை சொல்வதில்லை. தொடக்கத்தில் அவசரப்பட்டு மிச்சம்பிடித்த நேரத்தில் இன்னும் இரண்டு பகுதிகளையாவது இங்கே செலவழித்திருக்கலாம்.

இறுதிப் பதினைந்து பகுதிகளைப் பற்றி எங்கள் இரண்டு கட்சிகளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சிங் நாட்டிலிருந்து வருகிற லிங்கும் மேயும், பிரிக்ஸ் கோட்டையின் தலைவி ஒலிவியேயும் பழைய தொடரில் இல்லாதவர்கள். அவர்கள் ஒவ்வொருவரும் கடைசி நாளின் போரில் தமக்குரிய இடத்தில் வந்து நிற்கிறார்கள். எட்வர்ட் எதை ஈடாகக் கொடுக்கிறான் என்பதை நான் சொல்லப்போவதில்லை. எல்லாம் முடிந்த பிறகு, இஷ்வால் இரத்தம் கொண்ட மைல்ஸ் என்ற அதிகாரியும் ஸ்காரும் அந்த மண்ணை மீளக் கட்டச் செல்கிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் மாமா அதற்குத்தான் கை தட்டினார்.

வாங்கிப் பார்க்க நினைப்பவர்களுக்கு: பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை நான்காம் பகுதிக்கு அருகில் விட வேண்டாம். நேரம் இருப்பவர்கள் பழைய தொடரை ஹியூஸ் மறையும் 25 ஆம் பகுதிவரை பார்த்துவிட்டு, அதன் பிறகு ‘பிரதர்ஹூட்’டை முதலிலிருந்து தொடங்குவதே நல்லது. ஒன்றுக்குத்தான் நேரமுண்டு என்றால் புதியதையே பாருங்கள். தம்பி இப்போது மச்சாளிடமிருந்து பழைய தொடர் இருக்கும் ஹாட் டிஸ்க்கை வாங்கி வந்திருக்கிறான். நீனாவோடு எத்தனை நாள் பழகலாம் என்று பார்க்க வேண்டுமாம். மாமாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.