கோவையா, காங்கேயமா: குழந்தைகள் தெரபி சென்டரை எங்கே போடுவது?

கோவையில் ஒரு சென்டரில் ஆறு வருடம் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக (அன்றாடக் காரியங்களைத் தானே செய்யக் குழந்தைகளைப் பழக்குபவர்) வேலை பார்த்துவிட்டு, சொந்தமாகப் போடலாம் என்று கிளம்பியபோது பேசி வைத்திருந்த இடம் இரண்டு. ஒன்று சாயிபாபா காலனியில் முதல் மாடி, இன்னொன்று காங்கேயத்தில் ஓர் ஓட்டு வீடு. ஓட்டு வீட்டுக்குத்தான் அட்வான்ஸ் கொடுத்தேன், இப்போது மூன்றாவது வருடம். ஆகவே என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பணக் கணக்கைச் சீக்கிரம் முடித்துக்கொள்ளலாம். கோவையில் வாடகையும் அதிகம், வாங்கக்கூடிய ஃபீஸும் அதிகம். கழித்துக் கூட்டினால் என் கையில் நிற்பது இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்பீச் தெரபிஸ்டுக்கும் சிறப்பாசிரியருக்கும் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு வேண்டும் என்பது எந்த ஊரானாலும் மாறாது.

என்னை முடிவெடுக்க வைத்தது பஸ்.

கோவையில் இருந்தபோது வெள்ளகோவில் பக்கமிருந்து நாலு வயசுப் பையன் ஒருவன் வந்துகொண்டிருந்தான். ஆட்டிசம், சத்தம் என்றால் ஆகாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஏர்ஹாரன் கேட்டுக்கொண்டே சிங்காநல்லூர் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் மாறி எங்களிடம் வந்து சேரும்போது இரண்டு காதையும் பொத்தியபடி நேரே மேஜைக்கடியில் போய் உட்கார்ந்துகொள்வான். நாற்பத்தைந்து நிமிட செஷனில் பாதி, அவனை வெளியே வரவைப்பதிலேயே போய்விடும். அம்மாவுக்கு அன்றைய கூலி போச்சு, பஸ் சார்ஜ், ஓட்டல் சாப்பாடு. வாரம் இரண்டு முறை என்று எழுதிக் கொடுத்தோம். இரண்டாவது மாதம் மூன்று முறை வந்தார்கள். அதற்கப்புறம் போன் எடுக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

தெரபி ஊசி மாதிரி இல்லை. மாதக்கணக்கில் விடாமல் வந்தால்தான் பலன். அதனால் சென்டர் எவ்வளவு பெரியது என்று நான் பார்ப்பதில்லை, மாதத்துக்கு எத்தனை நாள் குழந்தை வந்து சேரும் என்றுதான் பார்க்கிறேன். காங்கேயத்தில் சுற்றுக் கிராமங்களிலிருந்து டவுன் பஸ் இருக்கிறது. சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. கோவை போகும் புறநகர் பஸ்ஸுக்கு அந்தச் சலுகை இல்லை. எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம், மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் போகிறவர்களுக்கு அன்றுதானே லீவு. செவ்வாய்க்கிழமை மூடிக்கொள்கிறோம்.

பக்கத்திலேயே இருப்பதில் இன்னொரு லாபம், வீட்டைப் போய்ப் பார்க்க முடிகிறது. ஒரு பையனின் அம்மாவுக்குத் தேங்காய் உலர் களத்தில் வேலை. கூடையில் கொட்டாங்குச்சியை நிரப்பி, களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தூக்கிப் போகச் சொன்னேன். பாரம் தூக்குவது அவனுக்கு உடம்பை அடக்கி உட்கார வைக்கிறது. அவன் அப்பத்தா நிலக்கடலை உரிக்கையில் அவனும் உரிக்கிறான், விரல் பிடிப்புக்கு அதைவிட நல்ல பயிற்சி என்னிடம் இல்லை.

ஓட்டு வீட்டில் தெரபிக்கு வேண்டிய ஊஞ்சலுக்குக் கொக்கி மாட்ட முடியாது என்பது பெரிய கவலையாக இருந்தது. லேத்காரரிடம் இரும்பு ஸ்டேண்ட் செய்யச் சொன்னால், “ஏனுங், எத்தனை கிலோ மாடு கட்டறீங்க?” என்றார். தொட்டில் துணிக்குத் திருப்பூர் காதர்பேட்டையில் லைக்ரா துணியைக் கிலோ கணக்கில் வாங்கினேன். இதில் கோவையைவிட எங்களுக்கு வசதிதான்.

கோவை ஜெயிப்பது எங்கே? ஆட்கள் விஷயத்தில். அங்கே தெரபி படிப்புக்குக் கல்லூரியே இருக்கிறது, ஆள் கிடைக்கும். இங்கே முதல் ஸ்பீச் தெரபிஸ்ட் ஐந்து மாதத்தில் கல்யாணமாகிப் போய்விட்டார். இப்போது ஈரோட்டிலிருந்து ஒருவர் வாரம் இரண்டு நாள் வருகிறார். பேச்சு மட்டுமே சிக்கல் என்றால் எங்களைவிடக் கோவை மேல் என்றே பெற்றோரிடம் சொல்கிறேன். பேச்சு வராத குழந்தைக்கு முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும், அந்தப் பரிசோதனைக்கும் வெளியூர்தான் அனுப்புகிறேன்.

இன்னொன்று, சின்ன ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஒருவர் இரண்டு தெரு தள்ளி டீக்கடையில் வண்டியை நிறுத்திவிட்டுப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்து வருவார். “மேடம், போர்டுல குறைபாட்டோட பேரு வேண்டாமுங்க” என்று அவர் கேட்டதற்குப் பிறகு போர்டில் ‘குழந்தைகள் வளர்ச்சி மையம்’ என்று மட்டும் வைத்தேன். கோவையில் யாரும் யாரையும் கண்டுகொள்வதில்லை, சில குடும்பங்களுக்கு அதுவே நிம்மதி.

ஃபீஸ் பற்றிக் கேட்பவர்களுக்கு மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டைச் சொல்கிறேன். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவும் அதில் சேரும். கோவையில் பெற்றோர் சிலர் அதைக் கேட்டுக்கொண்டே வருவார்கள், இங்கே நான்தான் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறேன்.

பன்னிரண்டு வயதைத் தாண்டியவர்களுக்கு எந்த ஊர் சரி என்று என்னிடம் கேட்காதீர்கள். என்னிடம் வருபவர்கள் இரண்டே பேர், அதிலும் ஒருவன் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது.