சுவிட்ச் மட்டும் போதுமா, முழு செட்டா?

சாவியைத் திருப்பினால் என் பழைய கார் ஸ்டார்ட் ஆகும். கையை எடுத்ததும் அணைந்துவிடும். கடையில் கேட்டதற்கு, "இக்னிஷன் செட்டையே மாத்தணும் சார்" என்றார்கள். கடைசியில் மாற்றியது பின்னால் இருந்த ஒரு சின்ன பிளாஸ்டிக் சுவிட்சை மட்டும்தான்.

நாம் சாவி போடும் இடத்தில் இருப்பவை இரண்டு பொருட்கள். முன்னால் சாவி நுழையும் பூட்டு, அதன் பின்னால் மின்சாரத்தைப் பிரித்துவிடும் சுவிட்ச். கையை விட்டதும் சாவி ஸ்ப்ரிங்கால் 'ஸ்டார்ட்'டிலிருந்து 'ஆன்' நிலைக்குத் திரும்பும். அந்த 'ஆன்' காண்டாக்ட் தேய்ந்திருந்தால் கரண்ட் அறுந்து எஞ்சின் நின்றுவிடும். அது சுவிட்சின் கோளாறு. சாவியே திரும்பவில்லை, உள்ளே சிக்குகிறது என்றால் கோளாறு பூட்டில்.

சுவிட்ச் மட்டும் என்றால் விலை குறைவு, பழைய சாவியே போதும். பல கார்களில் ஒன்றிரண்டு ஸ்க்ரூதான் அதைப் பிடித்திருக்கும். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலும் பத்து நம்பர் ஸ்பானர் போதும். அப்புறம் ஸ்டியரிங் கவரைத் திறந்து, கனெக்டர் இருக்கும் விதத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள், கிளிப்பை அழுத்தித்தான் கழற்ற வேண்டும். பழைய சுவிட்சின் நடுவில், பூட்டின் முனை நுழையும் பள்ளம் எந்தப் பக்கம் நின்றதோ, அதே நிலையில் புதியதை வைத்து மாட்டுங்கள். இதைக் கவனிக்காமல் மாட்டினால் சாவியும் சுவிட்சும் வேறு வேறு நிலையில் நிற்கும்.

முழு செட் வேறு கதை. அதில் ஸ்டியரிங் லாக்கும் சேர்ந்தே வரும். பல வண்டிகளில் அதைப் பிடித்திருப்பது, இறுக்கும்போதே தலை முறிந்துவிடும் போல்ட். கழற்ற வேண்டுமென்றால் துளை போட வேண்டும், அல்லது உளி வைத்துத் தட்டித் திருப்ப வேண்டும். சரியாகப் பொருந்தாத ஸ்டியரிங் லாக் வண்டி ஓடும்போது பூட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. சாவியில் இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்புச் சிப் உள்ள கார் என்றால் புதுச் சாவியை வண்டியோடு பதிவு செய்யாமல் எஞ்சின் ஓடாது. இந்த வேலையை நான் வீட்டில் செய்ய மாட்டேன், உங்களையும் செய்யச் சொல்ல மாட்டேன்.

மாருதி 800 போன்ற பழைய வண்டிகளில் ஏர்பேக் இல்லாததால், வேலை செய்யும்போது அது திடீரென விரிந்துவிடுமோ என்ற பயம் இல்லை. ஏர்பேக் உள்ள காரில் பேட்டரியைக் கழற்றிய பிறகும் மேனுவலில் சொன்ன நேரம் காத்திருங்கள், மஞ்சள் நிறக் கனெக்டரைத் தொடவே தொடாதீர்கள். ஸ்டியரிங் வீலைக் கழற்றினால்தான் முடியும் என்ற நிலை வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

எதை மாற்றினாலும் மலிவு சரக்கு வேண்டாம். சாவி தானாகவே 'ஆன்' நிலையிலிருந்து நழுவும் சுவிட்சுகளுக்காக 2014-இல் ஜெனரல் மோட்டார்ஸ் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. ஓடும்போது எஞ்சின் நின்று, ஏர்பேக்கும் விரியாமல் போனது. அந்த நிறுவனத்தின் இழப்பீட்டு நிதி 124 மரணங்களுக்குப் பணம் கொடுத்தது.