ஊசி உறையைப் பிரிக்கச் சொன்னது குற்றமா?

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்த இந்தத் தடவை விமானம், வாடகைக் கார், வங்கி வேலை எல்லாம் ஒழுங்காகவே நடந்தன, அதில் சொல்ல ஒன்றுமில்லை. விரல் நீளத்தில் அக்குபங்சர் ஊசியின் காகித உறை ஒன்று, அதைப் பற்றித்தான் இந்தப் புலம்பல்.

நாலு வாய் உள்ளே போனதும் வயிறு நிரம்பிவிடும், அப்புறம் மணிக்கணக்கில் உப்புசம். வெளிநாட்டில் எண்டோஸ்கோபி செய்து பார்த்தார்கள், புண் இல்லை. புண் உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியும் இல்லை. ‘ஃபங்ஷனல் டிஸ்பெப்சியா’, அதாவது காரணம் புலப்படாத அஜீரணம், என்று பெயர் வைத்து, அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் மாத்திரை எழுதினார் டாக்டர். பேசிய நேரத்தில் பாதி அவர் கண் கணினித் திரையில்தான் இருந்தது.

“மாத்திரையா முழுங்கி என்னத்தக் கண்டே? ஒரு தடவை அக்குபங்சர் பாரு” என்றாள் அக்கா. ஊருக்கு வந்துவிட்டு அக்காவிடம் மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

போன இடத்தில் முதல் அரைமணி உருகிப்போனேன். உப்புசம் எந்த வேளையில் கூடுது, தூக்கம் எப்படி, கோபம் வந்தா வயிறு என்ன செய்யுது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார் அக்குபங்சர் வைத்தியர். நாக்கைப் பார்த்தார். இரண்டு மணிக்கட்டிலும் நாடி பிடித்தார். வெளிநாட்டில் என்னை இப்படி உட்கார வைத்துக் கேட்டவர் யாருமில்லை.

படுத்தேன். மூடாத தட்டில் கிடந்த ஊசியை எடுத்தார்.

“சார், புது ஊசிதானே? என் முன்னாடி உறையைப் பிரிச்சிருங்களேன்.”

முகம் மாறிவிட்டது. “நம்பிக்கை இல்லாம வந்தா எந்த ஊசியும் வேலை செய்யாது சார்.”

“உங்க கை மேல நம்பிக்கை இருக்கு சார். ஊசி மேலதான் இல்ல.”

அக்கா என் தோளைக் கிள்ளினாள். வெளிநாட்டில் இதெல்லாம் பேச்சே இல்லை. கேட்காமலே கண்ணெதிரில் உறையைக் கிழிப்பார்கள், வேலை முடிந்ததும் ஊசி கூர்ப்பொருள் டப்பாவுக்குள் போய்விடும். ஒருவருக்குக் குத்தியதை இன்னொருவருக்குக் குத்தினால் ஹெபடைடிஸ் பி, சி வரலாம் என்பது ஊரறிந்த விஷயம். இங்கே எனக்கு நம்பிக்கை பற்றிப் பிரசங்கம் நடந்தது, நீளமாகவே. கடைசியில் உதவிக்கு நின்ற பெண் வாய் திறக்காமல் மேசை இழுப்பறையிலிருந்து ஓர் உறையை எடுத்துக் கிழித்தாள். அங்கேயே கட்டுக்கட்டாக இருந்திருக்கிறது! அதுதான் இன்னும் ஆறவில்லை.

குத்தியதில் குறை சொல்ல மாட்டேன், நல்ல கை. முழங்கால் சில்லுக்குக் கீழே நாலு விரல் இறங்கி, முன்னெலும்பிலிருந்து ஒரு விரல் வெளியே தள்ளி ஒன்று: சீனர்கள் சூசான்லி என்கிறார்கள், இரைப்பைக்கென்று அவர்கள் குறித்திருக்கும் வரிசையில் 36ஆம் புள்ளி. தொப்புளுக்கும் நெஞ்செலும்பு முனைக்கும் நடுவில் ஒன்று, மணிக்கட்டின் உட்புறம் ஒன்று. காலில் மந்தமாக ஒரு கனம் பரவியது. 1971இல் பீக்கிங்கில் குடல்வால் அறுவை செய்துகொண்ட அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்கும் வயிற்று உப்புசத்துக்காக முழங்காலுக்குக் கீழே ஊசி போட்டார்கள். அந்த வலியில் வயிற்றின் மேலிருந்த கவனம் திரும்பியது என்று அவரே எழுதினார். எனக்கும் கிட்டத்தட்ட அதே கதை. அன்று சாயங்காலம் வயிறு லேசாக இருந்தது உண்மை.

அதனால் முழுதாக நம்பிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். சீனாவில் இந்த மாதிரித் தொந்தரவுள்ள 278 பேரிடம் செய்து 2020இல் வெளியான ஆய்வில், நாலு வாரத்தில் 12 அமர்வு முடிந்தபோது சரியான ஊசி போட்டவர்களில் 83 சதவீதம் பேர் தேவலை என்றார்கள். அக்குபங்சர் புள்ளி இல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களிலும் சுமார் 52 சதவீதம் பேர் அதையே சொன்னார்கள். முக்கியமான மூன்று தொந்தரவும் அடியோடு போனது முறையே 28, 17 சதவீதம் பேருக்குத்தான். ஆக, நம்பிக்கை பற்றி அவர் சொன்னதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. தட்டில் கிடந்த ஊசிக்கு அது பதிலாகாது.

கிளம்பும்போது, “இன்னையிலேருந்து அந்த மாத்திரைய நிறுத்திடுங்க சார்” என்றார். எந்த மாத்திரை, எத்தனை நாளாகச் சாப்பிடுகிறேன் என்று அவ்வளவு கேள்விக்கு நடுவிலும் கேட்கவில்லை. இந்த வகை மாத்திரையைப் பல வாரம் சாப்பிட்டுத் திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரக்கும். வயிற்றில் ஒரு கோளாறும் இல்லாதவர்களுக்கு எட்டு வாரம் கொடுத்து நிறுத்திய 2009 ஆய்வில், 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல் மாதிரித் தொந்தரவுகள் வந்தன. மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் அது 15 சதவீதம்.

மறுபடியும் போனேன், உறை கிழிவதைப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். மாத்திரையை நான் நிறுத்தவில்லை. அக்காவுக்குச் சொல்லவும் இல்லை.