வெள்ளை ஹைட்ரேஞ்சியா தருகிறேன் என்பவரிடம் உஷார்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் நீல ஹைட்ரேஞ்சியாவுக்குப் பஞ்சமே இல்லை. பழைய பங்களா வேலியோரமெல்லாம் பூத்துக் கிடக்கும். நான் தேடியது மேடம் எமில் மூயேர் என்ற பழைய வெள்ளை ரகத்தை. 1909-ல் பிரான்சில் உருவானது. இதழோரம் ரம்பப் பல் மாதிரி வெட்டுப்பட்டிருக்கும். பூவின் நடுவே ஒரு சின்னப் பொட்டு. அமில மண்ணில் அந்தப் பொட்டு நீலம், மற்ற மண்ணில் இளஞ்சிவப்பு.

ஆன்லைனில் செடி விற்கும் ஒருவர் "பிரான்ஸ்லேருந்து நேரா வந்தது சார்" என்றார். 1,800 ரூபாய், முழுவதும் முன்பணம். வந்தது வேர் பாதி அறுந்த, ஒரு சாண் உயரச் செடி. சரி, கூரியரில் அடிபட்டிருக்கும் என்று நினைத்துத் தேற்றி வளர்த்தேன்.

இந்த வகைச் செடிகள் பெரும்பாலும் முந்தைய வருடக் கிளையில்தான் மொட்டு வைக்கும். சின்னச் செடி வாங்கினால் பூவைப் பார்க்க அடுத்த சீசன் ஆகிவிடும். ஏமாற்றுகிறவருக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்?

பூத்தது. அத்தனையும் பளிச்சென்ற நீலம்! படம் அனுப்பிக் கேட்டால், "உங்க ஊர் மண்ணு புளிப்பு சார், அதான் நீலமாயிடுச்சு. சுண்ணாம்பு போடுங்க, வெள்ளையாயிடும்" என்கிறார்.

இந்தப் பதிலை நம்பிவிடாதீர்கள். இதில் பாதி உண்மை இருப்பதுதான் சிக்கல். அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைப்பதால் இளஞ்சிவப்பு ரகங்கள் நீலமாகும். சுண்ணாம்பு போட்டால் திரும்பவும் இளஞ்சிவப்பாகும். வெள்ளை ரகத்துக்கு இந்தக் கதையெல்லாம் கிடையாது. எந்த மண்ணில் வைத்தாலும் இதழ் வெள்ளைதான். நாள்பட்ட பூ வெயிலில் லேசாகச் சிவக்கும், அவ்வளவுதான். நீலப் பூவை வெள்ளையாக்கும் சுண்ணாம்பு எங்கேயும் விற்பதில்லை.

இதைச் சொன்னதும் அவர் பேச்சின் தொனி மாறியது. வெளிநாட்டுச் செடியென்றால் இறக்குமதி அனுமதியும் தாவர சுகாதாரச் சான்றிதழும் இருக்குமே, நகல் அனுப்புங்கள் என்றேன். என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். அவர் விற்பனைக்குக் காட்டிய படம் ஏதோ வெளிநாட்டுத் தோட்டத்துடையது என்பது தேடிப் பார்த்ததில் தெரிந்தது.

அதே ஆள் இந்த ரகத்தின் விதைப் பாக்கெட்டும் விற்கிறார், கூத்துதான். விதை போட்டால் தாய்ச்செடி அப்படியே வராது. போத்து, அதாவது வெட்டிய கிளைத்துண்டு நட வேண்டும், இல்லையென்றால் கிளையை வளைத்து மண்ணில் புதைத்து வேர்விட வைக்கும் பதியன் போட வேண்டும்.

முடிந்தவரை பூவோடு நிற்கும் செடியை நேரில் பார்த்து வாங்குங்கள். தொலைவில் இருப்பவரென்றால், அன்றைய தேதி எழுதிய தாளைச் செடியருகே வைத்துப் படம் கேளுங்கள். பொய்க்காரர் அந்த இடத்திலேயே நழுவிவிடுவார்.

நீலப் பொட்டு வைத்த அந்த வெள்ளை ரகம் மலைப்பக்கம் யார் வீட்டிலாவது இருந்தால், கவாத்து செய்யும்போது எனக்கு இரண்டு போத்து எடுத்து வையுங்கள். கூரியர் செலவு என்னுடையது.