டெஸ்ட்கன்டெய்னர்ஸ்: தேடலைச் சோதிக்க நான் நம்புவது

கிருஷ்ணகிரியில் மாங்கன்று விற்கும் ஒரு நர்சரிக்கு எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளில் தேடல் வசதி செய்து கொடுத்திருக்கிறேன். ஒரு மாம்பழத்தை இங்கே பெங்களூரா என்போம், வெளியூர்க்காரர் கிளிமூக்கு என்று தேடுவார், சிலர் தோத்தாபுரி என்பார்கள். மூன்றும் ஒரே ரகம். போன சீசனில் ஒன்றுக்கே உள்ள பல பெயர்களைக் கமா போட்டு அடுக்கும் இணைச்சொல் பட்டியலில் ஒரு கமாவை விட்டுவிட்டேன். இரண்டு நாள், 'கிளிமூக்கு' என்று தேடியவர்களுக்கு ஒன்றுமே வரவில்லை. நர்சரிக்காரர் போன் செய்த பிறகுதான் தெரிந்தது, மனசே கேட்கவில்லை.

அப்புறம்தான் டெஸ்ட்கன்டெய்னர்ஸுக்கு வந்தேன். நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்டுகளுக்கு உதவும் நிரல் தொகுப்பு இது. இலவசம், ஓப்பன் சோர்ஸ். டெஸ்ட் ஓடும்போது டாக்கரில் (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) நிஜ எலாஸ்டிக்சர்ச்சையே எழுப்பி, முடிந்ததும் அழித்துவிடும். நிஜ எலாஸ்டிக்சர்ச்சுக்குப் பதில், நாமே எழுதி வைத்த பொய்ப் பதிலை வைத்து எழுதும் டெஸ்டில் அந்தக் கமா மாட்டியிருக்காது. இப்போது பதினைந்து ரகங்களை ஏற்றி, மூன்று பெயரிலும் தேடி, அதே கன்று முதலில் வருகிறதா என்று பார்க்கிறேன்.

ஒன்று கவனியுங்கள்: தரவை ஏற்றியதும் ரெஃப்ரெஷ் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அது தேடலில் உடனே தெரியாது, டெஸ்ட் ஒருமுறை தேறும், மறுமுறை தோற்கும். எனக்கு ஒரு மாலை முழுக்க இதிலேயே போயிற்று.

8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் முதலில் திணறியது. டெஸ்டுக்கு டெஸ்ட் புதிதாக எழுப்பாமல் மொத்தத்துக்கும் ஒரே கன்டெய்னர் வைத்ததும் சரியாயிற்று.